தண்ணீர் விடாமல் பாறையைக் குடையாதே

மகனே,

ஞாயிற்றுக்கிழமை நீ பாதிச் சோற்றில் எழுந்து போனாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, போயிட்டு வாறேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய். மீசை வைத்த பிள்ளையை, ஒரு சுரங்கத்தில் இத்தனை மிஷினுக்கும் ஆளுக்கும் சுப்பவைசராக இருக்கிறவனை, பெற்றவள் கன்னத்தில் அறைந்தால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். அறைந்தது தப்பு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஏன் அறைந்தேன் என்று சொல்லவே எழுதுகிறேன். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "துளைக்கிற மிஷினுக்குப் போற தண்ணிக் குழாயையெல்லாம் கழட்டிட்டேம்மா. இப்ப வேலை பறக்குது. ஒருத்தன் மட்டும் தண்ணி இல்லாம மாட்டேன்னு நின்னான். செவுள்ல ஒன்னு விட்டேன், தூக்கிட்டான் மிஷின." அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் வாயால் பேசியிருப்பேன். "அப்பா மாதிரி காஞ்ச கல்லுல அடிக்கணும், அதாம்மா ஆம்பிள வேல" என்றாய். அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் கை எழுந்துவிட்டது.

உன் அப்பாவைப் பற்றி உனக்கு மற்றவர்கள் சொன்னதுதான் தெரியும். நாங்கள் பெரகலைக்குக் கீழே சுரங்க வேலைக்குப் போனபோது உன்னைப் பதுளையில் பாதிரிச் சாமிமாருடைய விடுதியில் சேர்த்துவிட்டோம். நத்தார்ப் பண்டிகைக்கு நீ வந்தபோதெல்லாம் வெள்ளைச் சட்டை போட்டுத் தலைவாரிக்கொண்டு நின்ற சவரிமுத்துவைத்தான் பார்த்தாய். பூனாகலைத் தோட்டத்தில் பிறந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டு மிஷின் வேலைக்குப் போனவர் என்றும், அவர் துளைத்த கல்லை வேறு யாராலும் துளைக்க முடியாது என்றும் உன் மாமன்மார் சொல்லியிருப்பார்கள். அது பொய் இல்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கும் மிஷினை அவர் தொடையில் முட்டுக்கொடுத்து ஒற்றை ஆளாய்ப் பிடிப்பார். ஆனால் அந்த மனிதர் எதனால் செத்தார், அவரால் யார் யார் செத்தார்கள் என்பதை உனக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஒருத்தனுடைய கண்ணைக் கெடுத்துவிட்டு ஜெயிலுக்குப் போனவள் என்பதும் உனக்குத் தெரியும். விடுதியில் அதற்காக உன்னைக் கேலி பண்ணினார்கள் என்று நீ அழுதிருக்கிறாய். எதற்காகப் போனேன் என்று நீ கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அந்தச் சுரங்கம் மலையின் ஒரு பக்கத்து ஆற்று நீரை மறுபக்கம் கொண்டுபோவதற்காக வெட்டியது. பெரகலைச் சந்தியிலிருந்து கீழே இறங்கினால் தகரக் கொட்டகைகள், காற்றை அடைத்து அனுப்பும் ஒரு கம்பிரசர், அதிலிருந்து மலைக்குள் போகும் தடித்த ரப்பர்க் குழாய். உள்ளே இரண்டு மிஷின். ஒன்று உன் அப்பாவிடம், மற்றது பியதாசவிடம். பியதாச பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆள், உன் அப்பாவை விட மூத்தவர், "மல்லி, மல்லி" என்று தம்பி முறை வைத்துத்தான் கூப்பிடுவார். வேலை தொடங்கியபோது அங்கே இருந்த எஞ்ஜினியர் கண்டிப்பான மனிதர். துளைக்கிற கம்பியின் நடுவே ஓட்டை இருக்கும், அதன் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீர் இல்லாமல் மிஷினைத் தொடக்கூடாது என்று சட்டம் வைத்தார். சுரங்க வாய்க்கு மேலே மேட்டில் ஒரு பெரிய பீப்பாய். மலைநீர் விழுகிற பீலியிலிருந்து, விளக்குக்கு ஊற்றும் லாம்பெண்ணை வந்த தகரங்களில் தண்ணீர் தூக்கி அந்தப் பீப்பாயை நிரப்புவதுதான் எனக்கும், பியதாசவின் பெண்சாதி சோமாவுக்கும், இன்னும் சில பெண்களுக்கும் வேலை. தண்ணீர் போனால் கல்லுப் பொடி சேறாகிக் கீழே வழிந்துவிடும். போகாவிட்டால் அது வெள்ளைப் புகையாகக் கிளம்பி அந்தப் பொந்துக்குள்ளேயே நிற்கும். எதிரே நிற்கும் ஆளின் முகம் தெரியாது.

ஆனால் பெரகலைக் குளிர் உனக்குத் தெரியும். அப்புத்தளை மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி வந்து கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். அந்தக் குளிரில் காலையிலிருந்து மாலைவரை கல்லுச் சேறு தோளிலும் மார்பிலும் வழிய நிற்பது சின்ன வேதனை இல்லை. எஞ்ஜினியர் இருந்தவரை சுரங்க வாயில் நெருப்பு மூட்டி வைப்பார்கள், நனைந்தவர்களுக்கு மாற்றுச் சட்டையும் சுடச்சுடத் தேத்தண்ணியும் கிடைக்கும். அவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு எல்லாம் சுப்பவைசர் தங்கவேலுவின் கைக்கு வந்தது. அவனும் நம் ஆள்தான், ஒரு கங்காணியின் மகன். நெருப்பு நின்றது, தேத்தண்ணி நின்றது, மாற்றுச் சட்டை நின்றது. தண்ணீர் மட்டும் வந்தது. உன் அப்பா நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு வருவார், பல்லெல்லாம் கடகடவென்று அடிக்கும். ஒருநாள் தங்கவேலு சொன்னான்: "என்னா சவரி, நீயும் பொம்பள மாதிரி ஈரத்துல நின்னுகிட்டு. தண்ணி இல்லாம அடிச்சின்னா கல்லு பொலபொலன்னு வரும்ல." உன் அப்பா அன்றைக்கே தண்ணிக் குழாயைப் பிடுங்கி எறிந்தார். அன்றைக்கு அவர் சட்டை காய்ந்திருந்தது, தலையிலிருந்து கால்வரை மாவு பூசின மாதிரி வெள்ளையாக வந்து நின்று சிரித்தார். நானும் சிரித்தேன், மகனே. அவருக்குக் குளிரவில்லையே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பியதாச தன் குழாயைக் கழற்றவில்லை. ஆனால் ஒரே பொந்துக்குள் ஒருத்தன் தண்ணீரோடும் ஒருத்தன் தண்ணீர் இல்லாமலும் வேலை செய்தால் தூசி இரண்டு பேருக்கும் பொதுதானே. உள்ளே நின்று கல் அள்ளும் அத்தனை பேருக்கும் பொது. அவர் நல்லபடியாகத்தான் பேசிப் பார்த்தார். நான் தகரத்தோடு சுரங்க வாயில் நின்றதால் எனக்கு எல்லாம் கேட்டது. "சவரி மல்லி, ஒன்ட தூசி நம்ம நெஞ்சுக்கும் வருதுதானே. நாங்க தண்ணி போட்டு என்ன பிரயோசனம்?" என்றார். உன் அப்பா, "ஒனக்குக் கை வரலேன்னா தூசி மேல பழி போடாத" என்றார். பியதாச குனிந்து, கிடந்த தண்ணிக் குழாயை எடுத்து உன் அப்பாவின் மிஷினில் மாட்டப் போனார். உன் அப்பா துளைக்கிற இரும்புக் கம்பியை ஓங்கி அவர் தோளில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் வெளியே நின்ற எனக்குக் கேட்டது. விழுந்த மனிதரை வயிற்றில் ஒரு உதையும் உதைத்தார். சோமா தண்ணீரை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். நாங்கள் இருவருமாக அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்து கிடத்தினோம். தோள் ஒரு பக்கம் சரிந்து தொங்கியது, வாயிலிருந்து வெள்ளைச் சேறும் இரத்தமும் சேர்ந்து வந்தது. தங்கவேலு எட்டிப் பார்த்துவிட்டு, "கல்லு விழுந்திருச்சின்னு சொல்லிக்கலாம்" என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகு தங்கவேலு சொல்லிப் பீப்பாயையே உருட்டிக் கீழே தள்ளிவிட்டார்கள். தண்ணீர் தூக்கிய பெண்களைக் கல் அள்ளச் சொன்னார்கள். நான் அள்ளவில்லை. பியதாசவின் தோள் கண்ணுக்குள்ளேயே நின்றது. சோமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பீப்பாய் இல்லாவிட்டால் என்ன, தகரத்தில் தூக்கிக்கொண்டுபோய்த் துளைக்கிற இடத்தில் கையாலேயே ஊற்றலாம், அள்ளுவதற்கு முன்னால் உடைந்த கல்லின் மேலாவது தெளிக்கலாம் என்று நினைத்தேன். தகரத்தோடு உள்ளே போய் உன் அப்பாவின் கம்பி முனையில் ஊற்றினேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டு, "போ புள்ள வெளிய" என்றார். நான் மறுபடி ஊற்றினேன். தகரத்தை உதைத்தார். அது பாறையில் மோதிச் சப்பளிந்தது. நான் போய் இன்னொரு தகரம் கொண்டுவந்தேன். அப்போது அவர் என் கொண்டையைப் பிடித்து, சுரங்கத்துக்கு வெளியே எல்லாரும் பார்க்க இழுத்துவந்து அடித்தார். கையால் அடித்தார், பிறகு இடுப்புப் பட்டியால் அடித்தார். ஒருத்தரும் தடுக்கவில்லை, புருஷன் பெண்சாதி சங்கதி என்று ஒதுங்கி நின்றார்கள். என் முன்பல் இரண்டு எப்படிப் போயின என்று சின்ன வயதில் நீ கேட்டபோது பீலியில் வழுக்கி விழுந்தேன் என்றேன். பீலியில் நான் ஒருநாளும் வழுக்கியதில்லை.

இவ்வளவும் சொன்னதால் அவர் கெட்டவர் என்று நான் சொல்வதாக நினைக்காதே. அன்று மாலை என் முகத்துக்கு ஒத்தடம் கொடுத்ததும் அவர்தான். "நா சொன்னா கேக்க மாட்டியா? ஊரு முன்னால என்னைய ஏன் கேவலப்படுத்துற?" என்று கேட்டார். அவருக்கு அதுதான் பெரிதாக இருந்தது. பெலன் உள்ள மனிதர்களுக்கு இந்த வியாதி உண்டு, உனக்கும் இருக்கிறது. பிறகு நான் தண்ணீர் தூக்கவில்லை. மற்றவர்களோடு கல் அள்ளினேன். எல்லாரும் மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொண்டோம். மாலையில் அவிழ்த்துப் பார்த்தால் துணியின் வெளிப்பக்கம் போலவே உள்பக்கமும் வெள்ளையாக இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற பொடியைத்தான் துணி தடுக்கும், நெஞ்சுக்குள் போய்த் தங்குகிற பொடி கண்ணுக்குத் தெரியாது. வேட்டு வைத்து முடிந்த கையோடு, புகை அடங்குவதற்கு முன்னாலேயே தங்கவேலு உள்ளே போகச் சொல்லி விரட்டுவான். தோள் கூடி வந்த பியதாசவும் திரும்பி வந்து மிஷினைப் பிடித்தார். அவரும் இப்போது தண்ணீர் கேட்கவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தன. தோட்டத்தை விட்டு வந்த எங்களுக்கோ திரும்பிப் போய்க் குடியிருக்கத் தோட்ட லயத்தில் காம்பராவும் இல்லை, எங்களுக்காகப் பேசப் பிரஜாவுரிமையும் இல்லை.

நீ விடுதியில் வகுப்பு ஏறிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில் சுரங்கமும் நீண்டுகொண்டே போனது. முதலில் பியதாசவுக்கு இருமல் வந்தது. பிறகு மேடு ஏற முடியவில்லை. டிபி என்று சொல்லி, அவர் குடித்த கோப்பையை யாரும் தொடவில்லை. தங்கவேலு அவரை நிறுத்திவிட்டான். உன் அப்பா மட்டும், "எனக்கு ஒன்னும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சந்தியிலிருந்து கொட்டகைக்கு இறங்கி வருவது சுலபம். திரும்ப ஏறும்போதுதான் அவர் ஒவ்வொரு கல்லிலும் உட்காருவதை நான் பார்த்தேன். நானும் சோமாவுமாகப் பேசி, இரண்டு பேரையும் அப்புத்தளையில் ரயில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ரயிலில் அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருமிக்கொண்டு வந்தார்கள். டொக்டர் யாழ்ப்பாணத்து ஆள். எக்ஸ்ரே எடுத்த நெஞ்சுப் படங்கள் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இது கசம் இல்லைப் பிள்ளை. கல்லுத் தூசி. ரெண்டு பேருக்கும் சுவாசப்பை இறுகிப் போச்சு. உள்ளுக்க போனது இனி வெளியால வராது" என்றார். மருந்து கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். "தண்ணி விட்டு வேலை செய்திருந்தா இந்தளவுக்கு வந்திராது. ஏன் விடேல்லை?" என்று கேட்டார். இரண்டு படத்திலும் ஒரே மாதிரி வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது. எது தூசி கிளப்பியவனுடைய நெஞ்சு, எது தண்ணீர் கேட்டு அடிவாங்கியவனுடைய நெஞ்சு என்று அதில் தெரியவில்லை.

பியதாச மழைக்காலம் முடிவதற்குள் செத்துப்போனார். நாங்கள் சாவு வீட்டுக்குப் போனோம். உன் அப்பா போகவேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். "போகணும்" என்றார். சிங்களச் சாவு வீட்டு வழக்கப்படி வழியெல்லாம் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. சோமா பிணத்தின் பக்கத்திலிருந்து எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள். ஓங்கிக் கன்னத்தில் அறைந்தாள். இன்னொரு அறை. அவர் கையைத் தூக்கவில்லை. "எலும்பு ஒடைச்சது பரவால்ல. அது கூடிச்சி. இது எப்படிக் கூடும், சொல்லு" என்று கத்தினாள். பியதாசவின் தம்பிமார் தடியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களை அவளே மறித்தாள். "அடிக்க வேணாம். இந்த மனுசனுக்கும் அதே இருமல்தான், கேக்கல்லையா?" என்றாள். உன் அப்பாவால் நிற்க முடியவில்லை. அறைந்த அந்தக் கையாலேயே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தாள். அவர் அந்தக் கதிரையில் உட்கார்ந்து, அடக்கம் முடியும்வரை, பியதாசவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் சுரங்கத்துக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். கம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது, சுரங்க வாயிலிருந்து வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே புதிய ஆட்கள், பூனாகலையிலிருந்து வந்த நம் ஆட்கள்தான். உன் அப்பா தங்கவேலுவிடம் கைகூப்பினார். அவர் யாரிடமும் கைகூப்பி நான் பார்த்ததில்லை. "தங்கவேலு, எனக்கு ஒன்னும் வேணாம். இந்தப் பயலுகளுக்குத் தண்ணி குடு. பீப்பாயத் திரும்ப வையி. நா கேட்டுக்கறேன்" என்றார். தங்கவேலு சிரித்தான். "மொதல்ல தண்ணி வேணாம்னு புடுங்கிப் போட்டது யாருடா? நீதானே? இப்ப வந்து நியாயம் பேசுறியா?" என்றான். அது உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் உன் அப்பாவுக்கு வெறி வந்தது. தங்கவேலுவின் சட்டையைப் பிடித்தார். தங்கவேலுவோடு நின்ற அடியாட்கள் இருவர் அவரைக் கீழே தள்ளி மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். மூச்சு உள்ள மனிதன் கத்துவான். அவர் கத்தவில்லை. ஒவ்வொரு அடிக்கும் கரையில் போட்ட மீன் மாதிரி வாயை மட்டும் திறந்தார். மிஷின் இரைச்சலில் உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மிஷினை நிறுத்தினால்தான் ஆட்கள் வெளியே வருவார்கள் என்று எனக்குத் தோன்றியது. கல் உடைக்கும் பெரிய சுத்தியல் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து, கம்பிரசர்க் குழாயும் உள்ளே போகும் குழாயும் சேருகிற இரும்புப் பூட்டில் அடித்தேன். இரண்டாவது அடியில் பூட்டு தெறித்தது. காற்று அடைத்த குழாய் கழன்றால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலைப்பாம்பு மாதிரி எழுந்து சுழன்றது. முதல் வீச்சில் என் இடது கை முறிந்தது. அந்தக் கை இன்னும் கோணலாக இருப்பது அதனால்தான். அடுத்த வீச்சில் குழாய் முனையின் இரும்பு தங்கவேலுவின் முகத்தில் அடித்தது. தாடை உடைந்தது. ஒரு கண் அங்கேயே போய்விட்டது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்ணில் உருண்டான். உள்ளே மிஷின்கள் நின்று, வெள்ளை வெள்ளையாய் ஆட்கள் ஓடிவந்தார்கள். அடித்துக்கொண்டிருந்த இருவரும் தடியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். நான் சுத்தியலை மற்றக் கையில் பிடித்துக்கொண்டு உன் அப்பாவின் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு யார் கிட்டே வந்திருந்தாலும் அடித்திருப்பேன்.

பொலிஸ் வந்தது. குழாய் தானாகக் கழன்றது என்று சொல்லச் சொல்லி வக்கீல் சொல்லிக்கொடுத்தார். கோட்டில் நீதவான் கேட்டபோது, "நாந்தான் கழட்டுனேங்க. மிஷின நிப்பாட்டத்தான் கழட்டுனேன். ஏன்னு கேளுங்க, சொல்றேன்" என்றேன். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. சோமா சாட்சி சொல்ல வந்தாள். அவள் மட்டும் பியதாசவின் தோளில் தொடங்கி எல்லாவற்றையும் சிங்களத்தில் சத்தமாகச் சொன்னாள். எனக்குத் தண்டனை கிடைத்தது. தங்கவேலு என்ற மனிதனுக்காக எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. ஜெயிலில் பாய் விரித்துப் படுத்த பிறகுதான், அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாளே என்று வந்தது. சோமா சொன்னது யார் காதுக்கு எட்டியதோ தெரியாது, கொஞ்ச நாளில் ஒரு பெரிய உத்தியோகத்தர் வந்து சுரங்கத்தைப் பார்த்தாராம். பீலியிலிருந்து நேராக இரும்புக் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மற்ற ஆட்கள் நனைந்துகொண்டே மீதிச் சுரங்கத்தை வெட்டி முடித்தார்கள். அவர்களில் பலர் இன்றைக்கும் மலை ஏறி இறங்கித் திரிகிறார்கள்.

நான் வெளியே வந்தபோது உன் அப்பா பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார். படுக்க முடியாது. படுத்தால் மூச்சு நிற்கும். தலையணைகளை முன்னால் அடுக்கி அவற்றின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருப்பார். மிஷினை ஒற்றை ஆளாய்ப் பிடித்த கைகள் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி ஆகிவிட்டிருந்தன. கடைசி நாளில் உன்னைக் கூட்டிவந்தார்கள். நீ பார்த்தாய். மூச்சுக்காக அவர் சட்டையைக் கிழித்தார், நெஞ்சை நகத்தால் பிறாண்டினார், பிடிக்க வந்த நேர்சம்மாவை அடித்துத் தள்ளினார். நீ பயந்து வெளியே ஓடிவிட்டாய். பிள்ளைதானே, அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். நீ ஓடிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நான் அவருடைய இரண்டு கையையும் பிடித்து என் மடியில் அழுத்திக்கொண்டேன். அவர் என் வாயைத்தான் பார்த்தார், பல் இல்லாத இடத்தை. என்னமோ சொல்ல முயன்றார். ஒரு வார்த்தைக்கு வேண்டிய காற்றுக்கூட அவரிடம் இல்லை. கண் பிதுங்க என்னைப் பார்த்துக்கொண்டே, முழு ஊருக்கும் போதுமான காற்று ஜன்னலுக்கு வெளியே வீசிக்கொண்டிருக்க, மூச்சுக் கிடைக்காமல் செத்துப்போனார்.

இந்த மரணத்தைத்தான் நீ அந்த ஆளின் செவுளில் அறைந்து அவனுடைய கையில் கொடுத்திருக்கிறாய். நீயும் அதே பொந்துக்குள் நிற்கிறாய், உனக்கும் சேர்த்துத்தான். உன் அப்பா தன் மிஷின் ஒன்றுக்குத்தான் தண்ணீரைக் கழற்றினார். நீ எல்லா மிஷினுக்கும் கழற்றியிருக்கிறாய். அதனால் நான் சொல்வதைக் கேள், ராசா. முதலில் அந்த ஆளைத் தேடிப்போய், மற்ற ஆட்கள் பார்க்க, "நான் செஞ்சது தப்பு" என்று சொல். அடித்தது ஊர் முன்னால் என்றால் மன்னிப்பும் ஊர் முன்னால்தான். பிறகு குழாய்களை மாட்டு. தண்ணீர் வராத மிஷினை யாரும் தொடக்கூடாது என்று சொல். துளைக்குள் கிடக்கிற பொடியை வெறும் காற்றால் ஊத விடாதே. வேட்டு வைத்த பிறகு தூசி அடங்கும்வரை ஆளை அனுப்பாதே, அள்ளுவதற்கு முன்னால் கல்லை நனை. துணி கட்டிக்கொண்டால் போதும் என்று உன்னையே ஏமாற்றிக்கொள்ளாதே. வெளிக் காற்று உள்ளே போய்வர வழி செய். இவ்வளவும் செய்துவிட்டு, அந்த மனிதர்கள் குளிரில் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டும் நிற்காதே. நெருப்புப் போடு, காய்ந்த சட்டை கொடு, சுடுதேத்தண்ணி கொடு. உன் அப்பாவுக்கு ஒருத்தன் நெருப்பு மூட்டிக் கொடுத்திருந்தால் அவர் குழாயைப் பிடுங்கியிருக்கமாட்டார் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். மேலே இருப்பவன் வேகம் போதாது என்று உன்னைத் திட்டுவான். திட்டட்டும். வேலையைப் பறித்தால் வீட்டுக்கு வா, கஞ்சி இருக்கிறது.

இதை வாசித்துவிட்டு நீ கிழித்துப் போடலாம். அதனால் இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். வருகிற திங்கட்கிழமை நான் உன் சுரங்கத்துக்கு வருகிறேன். சோமாவுக்கும் சொல்லி அனுப்பினேன், அவளும் வருகிறாளாம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் பேசாமல் திரும்பிப் போய்விடுவோம், உன்னோடு சாப்பிடக்கூட நிற்கமாட்டோம். ஓடாவிட்டால் சுரங்க வாயில் உட்காருவோம், ஒரு ஆளையும் உள்ளே விடமாட்டோம். என்னை அங்கிருந்து எழுப்ப வேண்டுமென்றால், எல்லாரும் பார்க்கக் கொண்டையைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்ப வேண்டும். உன் அப்பா அதைச் செய்தார். நீ செய்வாயா என்று பார்க்கத்தான் வருகிறேன்.

உன் அம்மா